கொதித்த பிறகும் வேலை செய்த புரதம்

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுவை வைத்து, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்தேன். அதில் முதல் ஏழு மாதங்கள் நான் அளந்துகொண்டிருந்தது என் புரதக் கரைசலில் கலந்திருந்த அழுக்கின் விளைவைத்தான் என்பது எட்டாவது மாதத்தில் தெரியவந்தது. இத்துறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள், குறிப்பாக ஆய்வகத்தில் ஓயாமல் பெருகிக்கொண்டே இருக்கும் செல் வரிசைகளை மட்டுமே வளர்த்துப் பழகிவிட்டு முதன்முறையாக மனித ரத்தத்தைக் கையில் எடுப்பவர்கள், அந்த ஏழு மாதங்களை மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நானும் அப்படிச் செல் வரிசையிலிருந்து வந்தவன்தான். முனைவர் பட்டத்துக்காக எச்.எல்.-60 என்னும் ரத்தப் புற்றுநோய்ச் செல்களை ஐந்து ஆண்டுகள் வளர்த்திருந்தேன். அவை வேண்டும்போது திரவ நைட்ரஜனிலிருந்து எழுந்துவரும். வேண்டாதபோது மீண்டும் அதற்குள்ளேயே போய் உறங்கும். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்தால் கோபித்துக்கொள்ளாது. உண்மையான நியூட்ரோஃபில் இந்த வசதி எதையும் தருவதில்லை. அது பிரிந்து பெருகாது. உறையவைத்துப் பிறகு உயிர்ப்புடன் எடுக்க முடியாது. நம் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் 50 முதல் 70 விழுக்காடு இதுதான் என்றாலும், எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்கித் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அந்த விகிதம் நிலைக்கும். ரத்த ஓட்டத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 7 மணி நேரம் என்று பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. கனநீரைக் கொண்டு அளந்த 2010-ஆம் ஆண்டு ஆய்வொன்று சராசரி ஆயுள் 5.4 நாள் என்று கூறியதிலிருந்து அதுவும் சர்ச்சையாகிவிட்டது. எது எப்படியானாலும், உடலுக்கு வெளியே எடுத்து வளர்ப்புத் தட்டில் வைத்தால் 20 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதி செத்துவிடும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மனிதர் காலையில் வந்து கையை நீட்டியாக வேண்டும்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது, புண்ணில் வைக்கும் சீழ் பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்தான், அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்று விளக்கினேன். "சீழைப் பத்திப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போன?" என்றார். அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் ஒன்று உண்டு. சீழின் பச்சை நிறம் மைலோபெராக்ஸிடேஸ் என்னும் நொதியிலிருந்து வருகிறது; கிருமிகளைக் கொல்வதற்காக நியூட்ரோஃபில் தன் நுண்பைகளில் சேர்த்து வைத்திருக்கும் ஆயுதங்களுள் அதுவும் ஒன்று. அந்த ஆயுதங்கள் கிருமியையும் நம் திசுவையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. சிவத்தல், வீக்கம், வெப்பம், வலி என்று ரோமானியரான செல்சஸ் வகுத்த நான்கு அடையாளங்களுடன் அழற்சி தொடங்குவது உடலுக்கு நன்மைதான். அது முடியாமல் நீடிப்பதுதான் நோய். அழற்சி முடிய வேண்டுமென்றால், வந்த நியூட்ரோஃபில்கள் வெடித்துச் சிதறாமல், அப்போப்டோசிஸ் என்னும் ஒழுங்கான மரணத்தின் வழியே சுருங்கி இறக்க வேண்டும். அவற்றை மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் விழுங்கிவிட வேண்டும். முதிர்ந்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ்கள் இவ்வாறு அடையாளம் கண்டு விழுங்குவது 1989-இல் விளக்கமாகக் காட்டப்பட்டது. அந்த மரணம் தள்ளிப்போனால் நுரையீரலுக்கோ மூட்டுக்கோ சேதம் கூடும். எனவே, அழற்சியின்போது நம் உடலில் மிகுதியாகும் ஒரு புரதம் நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டிக்கிறதா என்பதே எனக்குத் தரப்பட்ட கேள்வி.

வேலை காலை ஒன்பது மணிக்கு ரத்தத்தோடு தொடங்கும். 40 மில்லிலிட்டர் ரத்தம், உறையாமலிருக்க சிட்ரேட். குழாயைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலிப் பொருளைக் கலந்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். மேலே நீர்த்த மோர் நிறத்தில் வெள்ளையணுக்கள் மிதக்கும். அதை எடுத்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபிக்கால் கரைசலின் மேல் அடுக்க வேண்டும். முதல் மாதம் முழுவதும் எனக்குக் கைவராத வேலை இதுதான். குழாயை ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, பிப்பெட்டின் முனையைச் சுவரில் தொட்டு, எண்ணெய்ப் பாத்திரத்தின் ஓரமாக நீர் வழிவதுபோல ஒரே சீராக வழியவிட வேண்டும். கை ஒருமுறை அதிர்ந்தால் இரண்டு அடுக்கும் கலந்து அன்றைய ரத்தம் வீண். பிறகு பிரேக் போடாமல் மையவிலக்கியைத் தானாக நிற்கவிட வேண்டும். மோனோசைட், லிம்ஃபோசைட் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் இடையில் வளையமாக நிற்க, நியூட்ரோஃபில்கள் மிச்சமிருக்கும் சிவப்பணுக்களோடு அடியில் படியும். அந்தச் சிவப்பணுக்களை உடைக்க உப்புச் செறிவு குறைந்த நீரை 30 விநாடி மட்டும் ஊற்றி உடனே உப்பைச் சரிக்கட்ட வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் 30 விநாடி ஒரு நிமிடமானால் நியூட்ரோஃபிலும் உடைந்து, அதன் டி.என்.ஏ. வெளியேறி, குழாயில் மூக்குச்சளி போன்ற ஒரு கட்டி மிஞ்சும். எனக்கு மிஞ்சியிருக்கிறது, இரண்டு முறை.

எல்லாம் ஒழுங்காக முடிந்தால் பகல் பன்னிரண்டு மணிக்குள் 6 முதல் 10 கோடி செல்கள் கையில் இருக்கும். அவற்றைத் தட்டின் குழிகளில் இட்டு, சிலவற்றில் புரதம், சிலவற்றில் வெறும் கரைசல், சிலவற்றில் ஆயுளை நீட்டிக்கும் என்று ஏற்கெனவே அறியப்பட்ட ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்னும் புரதம் என்று சேர்த்து, 37 டிகிரியில் மறுநாள் காலைவரை வைப்பேன். பிறகு கண்ணாடித் தகட்டில் செல்களைச் சுழற்றிப் படியவைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு தகட்டிலும் 300 செல்களை எண்ணுவேன். உயிருள்ள நியூட்ரோஃபிலின் உட்கரு, மூன்று நான்கு பாக்குத் துண்டுகளை மெல்லிய நூலில் கோத்ததுபோல இருக்கும். அப்போப்டோசிஸ் அடைந்ததில் அந்தத் துண்டுகள் ஒன்றாகத் திரண்டு, கடுகுபோல உருண்டு, கருத்துப்போயிருக்கும். இரண்டு வாரம் பழகினால் கண் தயங்காது. கண் தயங்காததும் ஒரு ஆபத்துதான் என்பதால், எந்தத் தகடு எதனுடையது என்பதை வேறொருவர் மறைத்த பிறகே எண்ண வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்தேன்.

முடிவுகள் அழகாக இருந்தன. புரதம் இல்லாத குழிகளில் 20 மணி நேரத்தில் ஏறக்குறைய 58 விழுக்காடு இறந்திருக்க, புரதம் சேர்த்தவற்றில் 27 விழுக்காடுதான் இறந்திருந்தது. எட்டுக் கொடையாளர்களின் ரத்தத்திலும் இதே போக்கு. எட்டுக் கொடையாளர்கள் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஒருவருடைய ரத்தத்தை மூன்று குழிகளில் இட்டு அளந்தால் அது மூன்று சோதனை ஆகாது, ஒரு சோதனைதான். அடுத்தவர் ஆய்வுத்தாளைப் படிக்கும்போது 'எண்ணிக்கை 9' என்று பார்த்தால், அது ஒன்பது மனிதர்களா, மூன்று மனிதர்களின் மும்மூன்று குழிகளா என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம். சுவரொட்டிக்கு வரைபடங்கள் தயாராயின.

அப்போது முதல் தொகுதிப் புரதம் தீர்ந்துபோயிற்று. ஆய்வகத்திலிருந்த மாணவர் ஒருவர் இரண்டாம் தொகுதியைச் செய்து கொடுத்தார். புரதத்தின் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றித்தான் அதைச் செய்வோம். அதே பாக்டீரியா, அதே மரபணு, புரதத்தை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அதே இடத்தில் அதே பட்டை. ஆனால் நியூட்ரோஃபில்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை; புரதம் இல்லாத குழிகளைப் போலவே செத்தன. புதிய தொகுதி கெட்டுவிட்டது என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம். பிடித்த முடிவைத் தந்த தொகுதி நல்லது, தராதது கெட்டது என்ற அந்த நியாயத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் இருந்தார். தேநீர் இடைவேளையில் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "பழைய தொகுதியை எப்போதாவது கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். குழாயின் அடியில் மிச்சமிருந்த சில மைக்ரோலிட்டரை 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தேன். அந்த வெப்பத்தில் எங்கள் புரதம் வடிவம் குலைந்து திரிந்துபோக வேண்டும். அதன் வேலை நின்றாக வேண்டும். மறுநாள் தகட்டை எண்ணினேன். 29 விழுக்காடு. கொதித்துக் குலைந்த புரதம், கொதிக்காததைப் போலவே நியூட்ரோஃபில்களை வாழவைத்திருந்தது.

கொதித்தும் சாகாத அந்தப் பொருள் எண்டோடாக்ஸின், அதாவது ஈ. கோலையின் வெளிச்சுவரிலுள்ள எல்.பி.எஸ். என்னும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள். பாக்டீரியாவுக்குள் செய்த எந்தப் புரதத்தோடும் அது ஒட்டிக்கொண்டு வரும். கிருமி நீக்கும் அழுத்தக் கலமான ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவி பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, எல்.பி.எஸ்.ஸை நம்பகமாக அழிக்காது. கண்ணாடிக் கலங்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைத்தால்தான் அது போகும். ஆட்டோகிளேவ் செய்த நீர் என்றால் தூய நீர் என்று ஐந்து ஆண்டுகள் நம்பியிருந்தவனுக்கு இது புதுப் பாடம். குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுக்கும் சாற்றைக் கொண்டு எல்.பி.எஸ்.ஸை அளக்கும் சோதனை 1960-களிலிருந்தே அறியப்பட்டதுதான். எங்கள் குளிர்பெட்டியிலும் அதன் பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. அளந்தபோது, என் குழிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 நானோகிராம் எல்.பி.எஸ். இருந்தது தெரிந்தது. எல்.பி.எஸ்.ஸைப் பற்றிக்கொள்ளும் பாலிமிக்ஸின் பி என்ற மருந்தைச் சேர்த்ததும் விளைவு மறைந்தது. இரண்டாம் தொகுதி ஏன் வேறாக நடந்துகொண்டது என்பதற்கான விடை அந்த மாணவரின் குறிப்பேட்டில் ஒரே வரியில் இருந்தது: தூய்மை கூட்டுவதற்காக, டிரைட்டன் எக்ஸ்-114 என்ற சலவைப்பொருளால் கூடுதலாக ஒருமுறை கழுவியிருந்தார். அதுவே எல்.பி.எஸ்.ஸை நீக்கும் வழக்கமான வழிகளுள் ஒன்று. கெட்டுப்போனது என்று நாங்கள் ஒதுக்கிய தொகுதிதான் சுத்தமான தொகுதி.

கதை இதோடு முடிந்திருந்தால், நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டிப்பது எல்.பி.எஸ். என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பேன். அதிலும் பாதிதான் உண்மை. ஃபிக்கால் முறையில் பிரித்த நியூட்ரோஃபில்கள் 95 விழுக்காடு தூய்மையானவை என்று பெருமையாக எழுதுவது வழக்கம். மிச்சம் பெரும்பாலும் ஈசினோஃபில்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுக்கள், அவற்றோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு மோனோசைட்கள். நூற்றுக்கு ஒன்று என்ன செய்துவிடும் என்றுதான் எண்ணத் தோன்றும். ஆனால் மோனோசைட் எல்.பி.எஸ்.ஸை மிக நுட்பமாக உணரும் செல். உணர்ந்ததும் அது சுரக்கும் பொருள்கள் பக்கத்திலுள்ள நியூட்ரோஃபில்களின் சாவைத் தள்ளிப்போடும். எல்.பி.எஸ்.ஸால் நியூட்ரோஃபில் நீண்ட நேரம் பிழைப்பது பெரும்பாலும் கலந்திருக்கும் மோனோசைட்களின் வேலை என்று 2002-லேயே வெளியாகியிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன், அடிக்கோடும் போட்டிருந்தேன். மற்ற செல்களையெல்லாம் காந்த மணிகளால் பிடித்து நீக்கி, 99 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான நியூட்ரோஃபில்களை எடுத்து அதே பழைய தொகுதியைச் சேர்த்தபோது, அந்த அழகான விளைவின் பெரும்பகுதி காணாமல் போயிற்று. ஆக, நான் சேர்த்ததாக எண்ணிய பொருளும் வேறு. அதற்கு எதிர்வினை காட்டியதாக எண்ணிய செல்லும் வேறு.

இத்துறையின் தொடக்கமே ஒரு முள்தான். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், மெச்னிகாஃப் என்னும் விலங்கியலாளர் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளம்புழுவின் தோலுக்கடியில் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் அதைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். 1908-இல் எர்லிஷ் என்னும் ஜெர்மானிய அறிஞரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் முள்ளைத் தானே செருகினார், செருகியது அவருக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்கள் தெரியாமல் செருகிவிடுகிறோம். காயம் பட்டதும் நிமிடக் கணக்கில் ஓடிவரவே ஆன செல் நியூட்ரோஃபில்; கண்ணாடியில் பட்டாலும், குளிர்ந்து மீண்டும் சூடானாலும், வேகமாகச் சுழற்றினாலும் அதற்கு அது ஒரு செய்திதான்.

பேராசிரியரிடம் சொல்வதற்கு முன் மூன்று நாள் தூக்கமில்லை. ஒப்பந்தம் மூன்றாண்டு, விசா அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. மன்னிப்புரை ஏதும் இல்லாமல், கொதிக்கவைத்த சோதனை, பாலிமிக்ஸின் சோதனை, மோனோசைட் நீக்கிய சோதனை ஆகிய மூன்று வரைபடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன். அவர் தகடுகளைக் கேட்டார். தாமே நுண்ணோக்கியில் உட்கார்ந்து இரண்டை எண்ணிப் பார்த்தார். பிறகு மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே அனுப்பச் சொன்னார். நான்கு வரிக் கடிதம். எழுத ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இப்படிப்பட்ட செய்தியைச் சொல்லப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது, சந்தேகம் மட்டும் கையில் இருக்கும்போது போகாமல், சந்தேகத்தைச் சோதித்த முடிவோடு போவது நல்லது. ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் அது ஒளிப்பதாகிவிடும்.

அதன் பிறகு என் வேலைமுறை மாறியது. எந்தப் புரதத்தையும் செல்மீது சேர்க்கும் முன் எல்.பி.எஸ். அளவு பார்ப்பேன். கொதிக்கவைத்த புரதத்துக்கென்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழி. அதைவிடச் சிறந்தது, அந்தப் புரதத்தின் மரபணுவை ஏற்றாத வெறும் பாக்டீரியாவிலிருந்து அதே படிகளைக் கடந்து எடுத்த சாறு; புரதம் ஒன்றைத் தவிர மற்ற அழுக்கெல்லாம் அதில் இருக்கும். கரைசல், ஊடகம், சீரம் எல்லாவற்றின் தொகுதி எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுவேன். அந்த மாணவரின் ஒரு வரி இல்லையென்றால் எங்களுக்கு விடையே கிடைத்திருக்காது. செல்களைப் பிரித்து முடித்ததும் சிறு பங்கை எடுத்து செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் சி.டி.62எல் என்னும் மூலக்கூறைப் பார்ப்பேன், நியூட்ரோஃபில் தூண்டப்பட்டால் அந்த மூலக்கூறை மேற்பரப்பிலிருந்து உதிர்த்துவிடும். நான் எதையும் சேர்ப்பதற்கு முன்பே அது உதிர்ந்திருந்தால், பிரித்தெடுத்த என் கைதான் முள் என்று பொருள். அன்றைய சோதனையை நிறுத்திவிடுவேன். ரத்தம் கொடுத்தவருக்கு அது அநியாயமாகத் தோன்றலாம்; தவறான எண்ணைக் குறித்துவைப்பது அதைவிட அநியாயம்.

கொடையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஆய்வுக்கு ரத்தம் எடுப்பதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டத்தின் வரம்பிலும் ரத்தம் வருகிறது. இவையெல்லாம் தாளில் இருந்தாலும், தன் கீழுள்ள மாணவரிடம் கையை நீட்டச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது என்பது நடைமுறை. நாங்கள் அடுத்த கட்டடத்துக்காரர்களைத்தான் கேட்போம். வந்தவரிடம் கேட்கும் கேள்விகள் காலப்போக்கில் நீண்டன. சளி, காய்ச்சல் இருந்ததா? ஸ்டீராய்டு மாத்திரையோ ஆஸ்பிரினோ எடுத்தீர்களா? ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலின் சாவைத் தாமதப்படுத்தும். காலையில் ஓடினீர்களா? கடைசிக் கேள்வியை, அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டி ஓய்ந்திருக்கும் நியூட்ரோஃபில்கள் உடற்பயிற்சியின்போது ஓட்டத்தில் கலந்துவிடும் என்பதால், அவரிடமிருந்து வழக்கத்தைப் போல இரு மடங்கு செல்கள் கிடைத்தன. நான் என் கைத்திறன் கூடிவிட்டது என்று ஒரு நாள் முழுவதும் மகிழ்ந்திருந்தேன்.

புரதத்தைப் பிறகு பாலூட்டிச் செல்களில் செய்து, எல்.பி.எஸ். இல்லாமல் சோதித்தோம். நியூட்ரோஃபிலின் ஆயுளுக்கு அது எதுவும் செய்யவில்லை. மிச்சக் காலத்தில், எத்தனை மோனோசைட் கலந்தால் முடிவு சாய்கிறது என்பதை எண்ணி எண்ணிச் சேர்த்து அளந்தோம். அது ஒரு சிறிய செய்முறைக் கட்டுரையாக வெளியாயிற்று. நான் எதிர்பார்த்துப் போன ஆய்விதழில் அல்ல.

முதல் தொகுதியில் சில துளிகள் இன்னும் மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் இருக்கின்றன. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவருக்கு அதையும் சுத்தமான தொகுதியையும் 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நான் கிளம்புவதற்கு முன் தொடங்கிவைத்தேன். முதல் மாணவி மறுநாள் காலையில் எண்ணி முடித்துவிட்டு, கன்னம் சிவக்க ஓடிவந்து, "அ வேலை செய்கிறது, பாதிக்குப் பாதி வித்தியாசம்" என்றார். வெந்நீர்த் தொட்டியை 100 டிகிரிக்கு வைக்கச் சொன்னேன்.